கருவி ஒன்று சொல்ல, வீடு வேறொன்று சொல்லும்போது: குவாரி வெடி அதிர்வுப் பதிவில் பிழை தேடும் முறை

கல்குவாரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்களில் வெடி நேரம் எல்லோருக்கும் மனப்பாடம். சங்கு ஊதியதும் அடுப்படியில் இருப்பவர் கையில் உள்ளதைக் கீழே வைத்துவிடுவார். தரை ஒருமுறை உதறும், அலமாரிப் பாத்திரங்கள் கலகலக்கும், தொட்டிலில் கிடக்கும் பிள்ளை விழித்துக்கொள்ளும். அதே வீட்டு வாசலில் புதைத்து வைத்த அதிர்வுமானியைப் போய்ப் பார்த்தால் ஒன்றுமே பதிவாகியிருக்காது. அல்லது யாருக்கும் நம்பிக்கை வராத ஓர் எண் இருக்கும்.

இந்தக் கருவிகளை வாசல்களில் வைத்துப் பதிவெடுப்பது என் வேலை. நான் பார்த்த சச்சரவுகளில் பெரும்பாலானவை ஒரு தாளில் தொடங்கியவை. தாளில் தேதி இருக்கும், நேரம் இருக்கும், ஓர் எண் இருக்கும். எண் சிறியதாக இருந்தால் ஊர் நம்பாது, பெரியதாக இருந்தால் குவாரி நம்பாது. இரு தரப்பும் சந்தேகப்படுவதில் தவறில்லை. அலைவடிவமும் (அதிர்வு கணத்துக்குக் கணம் ஏறி இறங்கியதைக் காட்டும் கோட்டுப்படம்) அதிர்வெண்ணும் (வினாடிக்கு எத்தனை முறை ஆடியது என்பது, ஹெர்ட்ஸில்) கருவி வைத்த இடமும் சேர்ந்து வராத எண்ணை நான் கணக்கில் எடுப்பதில்லை. கீழே உள்ள ஒவ்வொரு சிக்கலுக்கும் முதலில் செய்ய வேண்டியது அலைவடிவத்தைத் திறந்து பார்ப்பதுதான்.

அதற்கு முன் அளவுகோல். அலை கடந்து போகும்போது தரையின் துகள் முன்னும் பின்னும் ஆடுகிறது. அந்த ஆட்டத்தின் வேகம் எட்டும் உச்சத்தைத்தான் உச்சத் துகள் வேகம் என்கிறோம், வினாடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று. கீழே அதிர்வுக்கு வெறும் மி.மீ. என்று எழுதும் இடமெல்லாம் வினாடிக்கு மி.மீ. என்றே பொருள். இந்தியாவில் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட 7ஆம் எண் சுற்றறிக்கை, குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத குடியிருப்பு வீடுகளுக்கு மூன்று வரம்புகளைச் சொல்கிறது. அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் 5 மி.மீ., 8 முதல் 25 வரை 10 மி.மீ., 25க்கு மேல் 15 மி.மீ. பழமையான நினைவுச் சின்னங்களுக்கும் மென்மையான கட்டடங்களுக்கும் இதே வரிசையில் 2, 5, 10. இவை அனைத்தும் கட்டடத்தின் அடித்தள மட்டத்தில் அளக்க வேண்டியவை. மாடியிலோ சுவரிலோ அளந்ததை இவற்றோடு ஒப்பிடக்கூடாது.

வெடித்தது, வீடு அதிர்ந்தது, கருவியில் பதிவே இல்லை

பதறிக் கருவியை அணைத்துவிட்டு மீண்டும் போடாதீர்கள். திரையில் இருப்பதை முதலில் படம் எடுத்து வையுங்கள். பிறகு கருவி கண்காணிப்பு நிலையில் இருந்ததா, இயக்கி மட்டும் வைக்கப்பட்டிருந்ததா என்று பாருங்கள். பொத்தானை அழுத்தி விளக்கு எரிந்ததும் வேலை முடிந்ததாக நினைத்துக் கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. மின்கலம் இறங்கியிருக்கலாம், நினைவகம் நிரம்பியிருக்கலாம். கருவியின் கடிகாரம் தவறாக ஓடினால் பதிவு வேறு நேரத்தில் ஒளிந்திருக்கும். ஆகவே அன்றைய பட்டியல் முழுவதையும் பாருங்கள்.

இவையெல்லாம் சரி என்றால் ட்ரிகர் அளவுக்கு வாருங்கள். தரையின் வேகம் எந்த அளவைத் தொட்டதும் பதிவு தொடங்க வேண்டும் என்று கருவிக்கு நாம் சொல்லி வைக்கும் எண் அது. லாரி போகும்போதெல்லாம் பதிவாகிறது என்று சலித்துப்போய் அதை 2 அல்லது 3 மி.மீ.க்கு உயர்த்தி வைத்துவிடுவார்கள். வீட்டுத் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கோ 1 மி.மீ.க்குக் குறைவான அதிர்வே தெளிவாகத் தெரியும். அவர் சொல்வதும் உண்மை, கருவி பேசாமல் இருந்ததும் உண்மை. குவாரியிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளியுள்ள வீடுகளில் நான் 0.5 மி.மீ. வைப்பேன்.

ஒரு சோதனை: உணரியிலிருந்து (கருவியில் தரையோடு சேர்த்து வைக்கும், அதிர்வை உணரும் பகுதி) ஒரு மீட்டர் தள்ளி நின்று, முன்பாதத்தில் எழும்பிக் குதிகாலைத் தரையில் இறக்குங்கள். பதிவாக வேண்டும். பதிவாகாவிட்டால் கம்பியையும் அதன் இணைப்பு முனையையும் பாருங்கள்; எலி கடித்த கம்பியை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். கருவிக்குள்ளேயே உணரிச் சோதனை இருக்கும். அதை ஓட்டி, உணரி அளக்கும் மூன்று திசைகளும் (நெடுக்கு, குறுக்கு, மேல்கீழ்) சரியாகப் பதில் தருகின்றனவா என்று உறுதிசெய்யுங்கள்.

பெரும்பாலான கருவிகளில் நிமிடத்துக்கு நிமிடம் உச்சத்தை மட்டும் எழுதிவைக்கும் பட்டைப் பதிவு முறையும் உண்டு. அலைப் பதிவோடு சேர்த்து அதையும் ஓட்ட முடியுமானால் ஓட்டுங்கள். ட்ரிகரைத் தொடாத வெடியும் அதில் அகப்படும்.

‘பதிவு இல்லை’ என்று எழுதிக் கொடுக்கும் அறிக்கையில் ட்ரிகர் அளவையும் எழுதச் சொல்லுங்கள். 3 மி.மீ. ட்ரிகர் வைத்துப் பதிவு இல்லை என்றால், 2.9 மி.மீ. வந்திருக்கலாம் என்பதும் அதற்குள் அடங்கும்.

விடிய விடிய பதிவுகள், எது வெடி என்று தெரியவில்லை

அலைவடிவத்தைப் பார்த்தால் சில நிமிடங்களில் பிரித்துவிடலாம். வெடி திடீரென்று தொடங்கும், மூன்று திசைகளிலும் ஏறக்குறைய ஒரே கணத்தில் எழும், ஓரிரு வினாடிகளில் அடங்கும். லாரியின் அதிர்வு கதிர்க்கோல் போல மெல்லப் பருத்துப் பல வினாடிகள் நீண்டு மெல்லத் தேயும். காலடி என்றால் சீரான இடைவெளியில் ஒற்றை ஒற்றை முட்களாக இருக்கும். ஆடு கட்டிய இடத்துக்கு அருகில் வைத்தால் இரவெல்லாம் இந்த முட்கள்தாம். காற்று, கருவியோடு வரும் காற்றழுத்த மைக்கின் வரியில் மட்டும் சோம்பலான அலையாக வரும், தரை வரிகள் அமைதியாக இருக்கும்.

ட்ரிகரை உயர்த்துவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உணரியை நடைபாதையிலிருந்தும் மோட்டார் அறையிலிருந்தும் விலக்குங்கள், மைக்குக்குக் காற்றுத் தடுப்பு நுரையைப் போடுங்கள்.

ஜன்னல் கிடுகிடுத்தது, தரை எண்ணோ மிகச் சிறியது

ஊருக்கும் அளப்பவருக்கும் இடையில் நம்பிக்கை முறிவது பெரும்பாலும் இங்கேதான். வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. கருவியும் பெரும்பாலும் சரியாகவே அளந்திருக்கும். வீட்டை ஆட்டியது காற்று.

வெடி இரண்டு வழிகளில் வீட்டுக்கு வருகிறது. பாறை வழியாக வினாடிக்குச் சில ஆயிரம் மீட்டர் வேகத்தில் வருவது ஒன்று. காற்றில் அழுத்த அலையாக வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் வருவது மற்றொன்று. 500 மீட்டர் தொலைவில் இருக்கும் வீட்டுக்குத் தரை அலை அரை வினாடிக்குள் வந்து சேரும். காற்றலை வர ஏறத்தாழ ஒன்றரை வினாடி ஆகும். ஆகவே வீட்டில் இருந்தவர்களிடம் இப்படிக் கேளுங்கள்: “ஒரு முறை ஆடியதா, இரண்டு முறை ஆடியதா? முதலில் கால் உணர்ந்ததா, கதவு ஆடியதா?” பாட்டிமார் இதற்குத் துல்லியமாகப் பதில் சொல்வார்கள். “முதலில் தரை, பிறகு டமார் என்று ஜன்னல்” என்று வந்தால் உங்கள் கவனம் மைக் வரிக்குப் போக வேண்டும்.

அங்கே ஒரு பொறி இருக்கிறது. பதிவு நேரம் குறைவாக வைக்கப்பட்டிருந்தால் காற்றலை வந்து சேரும் முன்பே பதிவு முடிந்துவிடும். மைக் வரி தட்டையாகத் தெரியும், காற்றழுத்தம் இல்லை என்று அறிக்கை போய்விடும். பன்னாட்டு வெடிப் பொறியாளர் சங்கத்தின் களவழிகாட்டி இதற்கு ஒரு கணக்குத் தருகிறது. வெடி நீடிக்கும் நேரத்தோடு 2 வினாடி சேர்க்க வேண்டும், அதோடு ஒவ்வொரு 335 மீட்டர் தொலைவுக்கும் 1 வினாடி கூட்ட வேண்டும். அரை வினாடி வெடி, 600 மீட்டரில் வீடு என்றால் குறைந்தது நாலரை வினாடிப் பதிவு தேவை.

காற்றழுத்தத்தை டெசிபெல்லில் படிக்கிறோம். 120 டெசிபெல் என்பது 20 பாஸ்கல் அழுத்தம், 134 டெசிபெல் 100 பாஸ்கல். அமெரிக்கச் சுரங்கப் பணியகம் 1980இல் வெளியிட்ட ஆய்வு, 2 ஹெர்ட்ஸ் வரை தாழ்ந்த ஒலியையும் கேட்கும் மைக்குக்கு 133 டெசிபெல்லை வீட்டுக்கான எல்லையாகப் பரிந்துரைத்தது. கைபேசியின் ஒலி அளவிச் செயலியை வைத்து இதைச் சரிபார்க்க முடியாது. வெடியின் காற்றலையில் பெரும்பங்கு 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே, காதுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. செயலி காதுக்குக் கேட்பதை மட்டும் எண்ணும், ஜன்னல் சட்டம் கேட்காததற்கும் ஆடும்.

காற்றலை பெரிதாக இருந்தால் காரணம் பெரும்பாலும் குவாரியில்தான். வெடிமருந்து இட்ட துளையின் வாயை அடைத்த மண் குறைவாக இருந்திருக்கும், அல்லது துளையிடும்போது வந்த தூளையே திணித்திருப்பார்கள். சிறு ஜல்லியால் போதிய ஆழத்துக்கு அடைத்தால் வாய் பிடிக்கும். பெரிய பாறைத் துண்டின் மேல் வெடிமருந்தை வைத்து மண் அப்பி வெடிப்பதும், வெடிநூலைத் தரைமேல் மூடாமல் விடுவதும் ஊரையே உலுக்கும். அந்த வேலையை எந்திரச் சுத்தியலால் செய்ய முடியும்போது வெடியால் செய்வதை நான் ஏற்கமாட்டேன்.

நேரமும் முக்கியம். மார்கழி, தை மாதக் காலைகளில் தரையோரம் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்றும் அடுக்காக நிற்கும். அந்த அடுக்கு ஒலியை மேலே போகவிடாமல் ஊர்ப்பக்கம் வளைத்து இறக்கிவிடும். அதே மருந்து, அதே துளைகள் வெயில் ஏறியபின் வெடித்தால் பாதி வீடுகளுக்குத் தெரியவே தெரியாது. காலை வெடிக்குத்தான் புகார் அதிகம் என்றால் வானிலையைக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்குங்கள்.

ஒரு திசை மட்டும் மற்ற இரண்டைவிடப் பலமடங்கு, அலை நடுங்கிக்கொண்டே இருக்கிறது

உணரி தரையைப் பிடிக்கவில்லை. தரை ஆடுவதோடு தானும் தத்தளித்து, தன் ஆட்டத்தையும் சேர்த்து எழுதிவிட்டது. பெயர்ந்த தளக்கல்லின் மேல், புதிதாகக் கொட்டிய மணலின் மேல், திண்ணையின் மேல், காய்ந்த புல்லின் மேல் வைக்கும்போது இப்படி வரும். எண் கூடவும் வரலாம், குறையவும் வரலாம். ஆகவே இது ஊருக்கும் உதவாது, குவாரிக்கும் உதவாது.

சரியான இடம் வீட்டின் குவாரிப் பக்கச் சுவரிலிருந்து 3 மீட்டருக்குள், கலைக்கப்படாத மண். மேல்மண்ணை நீக்கிவிட்டு, உணரியின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு ஆழத்துக்குக் குழி எடுங்கள். அடியில் முளைகளை ஊன்றி, நீர்மட்டக் குமிழி நடுவில் நிற்குமாறு வைத்து, அம்புக்குறியை வெடிக்கும் திசைக்குத் திருப்பி, சுற்றியும் மேலும் மண்ணைப் போட்டு இறுகக் கெட்டியாக்குங்கள். குழி எடுக்க முடியாத இடத்தில் முளை ஊன்றினால் போதுமா என்று கேட்பார்கள். எதிர்பார்க்கும் முடுக்கம் புவியீர்ப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாதவரை பிழை பெரிதாக வராது. அதைத் தாண்டினால் புதைப்பதோ இறுக்கிப் பிடிப்பதோ வேண்டும், புவியீர்ப்பையே தாண்டினால் வேறு வழி கிடையாது. 20 ஹெர்ட்ஸில் 5 மி.மீ. என்பது புவியீர்ப்பில் சுமார் 0.06 பங்கு. 40 ஹெர்ட்ஸில் 10 மி.மீ. வந்தால் 0.26. பாறை மேட்டில் உள்ள வீடுகளுக்கு அதிர்வெண் கூடுதல் என்பதால் அங்கே இந்தக் கவனம் அதிகம் தேவை. பாறையே வெளியில் தெரிந்தால் சாந்து வைத்து ஒட்டிவிடுங்கள்.

சந்தேகம் தீரவில்லை என்றால் இரண்டாவது கருவியைக் கொண்டுவந்து ஒரு முழம் தள்ளி ஒழுங்காகப் புதைத்து, அடுத்த வெடியை இரண்டிலும் பதிவெடுங்கள். இரு தரப்பு ஆட்களும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். ஒருமுறை இப்படிச் செய்தபோது, அதுவரை மூன்று வாரமாக நாங்கள் வைத்திருந்த பதிவுகளை நானே தள்ளுபடி செய்ய வேண்டியிருந்தது. வருத்தமாக இருந்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் அந்த ஊர் எங்கள் எண்ணை நம்பியது.

அலையின் உச்சி கத்தரித்தது போலத் தட்டையாக இருக்கிறது. அல்லது அலை முடிந்தும் வரி சுழியத்துக்குத் திரும்பவில்லை

தட்டை உச்சி என்றால் அதிர்வு கருவியின் அளவு எல்லையைத் தாண்டிவிட்டது. காட்டும் எண் உண்மையைவிடக் குறைவு. எல்லையை உயர்த்தி வைத்து அடுத்த வெடியைப் பிடியுங்கள். வரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் உணரி சரிந்திருக்கும், அல்லது ஈரம் புகுந்திருக்கும். மழைக்குப் பிறகு இது வழக்கம். அளவு ஒப்புச் சான்றின் (கருவி சரியாக அளக்கிறது என்று சோதித்துத் தந்த சான்று) தேதியையும் அப்போதே பாருங்கள். ஓராண்டைத் தாண்டியிருந்தால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு ஒப்புக்கு அனுப்புவதே நல்லது.

கைபேசிச் செயலியில் பெரிய எண், கருவியில் சிறிய எண்

அலகு வேறு. செயலி காட்டுவது முடுக்கம், கருவி காட்டுவது வேகம். 20 ஹெர்ட்ஸ் அலையில் வினாடிவர்க்கத்துக்கு 0.1 மீட்டர் முடுக்கம் என்பது 0.8 மி.மீ. வேகத்துக்குச் சமம். மேசைமேல் கிடக்கும் கைபேசி மேசையின் ஆட்டத்தையும் சேர்த்து எழுதும். வெடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ள அதை வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மிகவும் பயன்படும்.

எண் வரம்புக்குள் இருக்கிறது என்கிறார்கள், அதிர்வெண் கட்டம் காலி

அறிக்கையைத் திருப்பிக் கொடுங்கள். 7 மி.மீ. என்ற ஒரே அதிர்வு 30 ஹெர்ட்ஸில் வந்தால் 15 என்ற வரம்புக்குப் பாதியும் இல்லை. 12 ஹெர்ட்ஸில் வந்தால் 10க்குள் அடங்குகிறது. 6 ஹெர்ட்ஸில் வந்தால் 5 என்ற வரம்பை மீறிவிட்டது. 5 மி.மீ.க்கு மேல் வந்த எண்ணை, அதிர்வெண் தெரியாமல் வரம்புக்குள் என்று எவராலும் சொல்ல முடியாது.

அதிர்வெண்ணை எப்படி எடுத்தார்கள் என்பதும் கேள்விதான். உச்சி இருக்கும் ஒற்றை அலையின் நீளத்தை மட்டும் அளந்து சொல்வது ஒரு முறை. முழு அலையையும் அதிர்வெண் வாரியாகப் பிரித்து எதில் வலு அதிகம் என்று காண்பது மற்றொரு முறை. உச்சியில் 30 ஹெர்ட்ஸ் என்று முதல் முறை சொல்லும்போது, பின்னால் இழுத்துக்கொண்டு வரும் 6 ஹெர்ட்ஸ் வாலை இரண்டாவது முறை காட்டிக்கொடுக்கும். ஒற்றை மாடி, இரட்டை மாடி வீடுகள் இயல்பாக ஆடும் அதிர்வெண் 4 முதல் 12 ஹெர்ட்ஸ் வரை என்று அமெரிக்கச் சுரங்கப் பணியகம் அளந்திருக்கிறது. ஊஞ்சலை அது ஆடும் தாளத்திலேயே தள்ளினால் ஆட்டம் பெரிதாவது போல, அந்த வால் வீட்டைப் பிடித்து ஆட்டும். இரண்டு முறைகளின் முடிவையும் கேட்டு வாங்குங்கள்.

ஒரே குவாரிக்கு ஒரே அதிர்வெண் என்று எண்ணிவிட வேண்டாம். நம் மாவட்டங்களில் உடைக்கப்படுவது பெரும்பாலும் கருங்கல்: கிரானைட் வகைகள், நைஸ், சார்னோக்கைட். சார்னோக்கைட் நம்மூர்ப் பாறை என்றே சொல்லலாம். சென்னையை அடுத்த பல்லாவரம் பகுதிப் பாறையை ஆராய்ந்து 1893இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் இட்ட பெயர் அது. கொல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறை என்பதால் அவர் பெயரைச் சூட்டினார். இத்தகைய இறுகிய பாறை உயர்ந்த அதிர்வெண்ணை நன்றாகக் கடத்தும். பாறைமேல் நிற்கும் வீட்டுக்கு வருவது சுருக்கென்ற வெட்டு. குவாரிக்கு இன்னும் தள்ளி, ஏரிக்குக் கீழே ஆழமான வண்டல் மண்ணில் நிற்கும் வீட்டுக்கு வருவது மெதுவான, நீண்ட ஆட்டம். எண் சிறியதாக இருந்தும் அந்த வீட்டுக்கு 5 மி.மீ. வரம்புதான் பொருந்தக்கூடும். “அருகில் உள்ளவனே பேசாமல் இருக்கிறான், தள்ளி இருக்கும் உனக்கு என்ன?” என்று எவரையும் விரட்டுவதற்கு முன் அவர் வீட்டு மண்ணைத் தோண்டிப் பாருங்கள். கருவி இரண்டு இருந்தால் ஒன்று பாறை வீட்டுக்கு, ஒன்று மண் வீட்டுக்கு.

மூன்று திசைகளில் பெரியதைத் தந்திருக்கிறார்களா, மூன்றையும் சேர்த்துக் கணித்த கூட்டு வேகத்தையா என்பதையும் கேளுங்கள். கூட்டு வேகம் எப்போதும் ஒரு திசை எண்ணைவிடக் குறையாது. சென்ற மாதம் ஒன்றையும் இந்த மாதம் மற்றொன்றையும் வைத்து அதிர்வு குறைந்துவிட்டது என்று காட்டினால் அது ஒப்பீடே அல்ல.

மருந்து அதே அளவுதான் என்கிறார்கள், அதிர்வு கூடிக்கொண்டே போகிறது

மொத்த மருந்தைக் கேட்காதீர்கள். ஒரே கணத்தில் வெடிக்கும் மருந்து எத்தனை கிலோ என்று கேளுங்கள். துளைகள் சில மில்லிவினாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்க வேண்டும். 8 மில்லிவினாடிக்குள் அடுத்தடுத்து வெடிப்பவற்றை ஒன்றாகவே எண்ணுவது வழக்கம்.

கணக்கைப் பாருங்கள். தொலைவை, ஒரே கணத்து மருந்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். சராசரிப் பாறைக்கு ஆஸ்திரேலியத் தரநிலை தரும் மாறிலிகள் 1140, அடுக்கு 1.6: வகுத்து வந்ததை 1.6 அடுக்குக்கு உயர்த்தி, அதனால் 1140ஐ வகுத்தால் வீட்டில் வரும் வேகம் கிடைக்கும். வீடு 300 மீட்டரில் இருக்கிறது. கைத்துளைப்பான் போட்ட சிறு துளை ஒவ்வொன்றிலும் 1 கிலோ மருந்து, மொத்தம் 40 துளைகள். ஒவ்வொன்றும் தனித்தனியே வெடித்தால் வீட்டில் வருவது சுமார் 0.12 மி.மீ.; பெரும்பாலும் எவருக்கும் தெரியாது. நாற்பதும் ஒன்றாக வெடித்தால் 2.4 மி.மீ., ஏறத்தாழ 20 மடங்கு. இரண்டு நாளும் கணக்குப் புத்தகத்தில் 40 கிலோ என்றே இருக்கும்! உண்மையான மாறிலிகள் ஒவ்வொரு குவாரிக்கும் வேறுபடும் என்பதால் உங்கள் சொந்தப் பதிவுகளை வரைபடத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். கோட்டை விட்டு மேலே துள்ளி நிற்கும் வெடி எது என்று கண்ணுக்கே தெரியும்.

அந்த வெடியின் அலைவடிவத்தை எடுங்கள். 20 துளைகள், 25 மில்லிவினாடி இடைவெளி என்றால் வெடி அரை வினாடிக்கு நெருக்கமாக நீள வேண்டும், அலையும் அந்த நீளத்துக்கு இருக்க வேண்டும். ஒரே குட்டையான மொத்தையாக வந்திருந்தால் தாமதம் வேலை செய்யவில்லை. தாமத டெட்டனேட்டர்களின் வரிசை மாறியிருக்கலாம், எரிந்து தாமதம் தரும் வகைகளில் நேரம் முன்பின் ஆகியிருக்கலாம். அலை நீளம் சரியாக இருந்தும் எண் கூடுதல் என்றால் பாறைக்கு வெளியேற வழி இல்லாமல் போயிருக்கும். முந்தைய வெடியின் உடைகல்லை அள்ளாமலே அடுத்ததை வைத்தாலும், முன்வரிசைத் துளைக்கு முன்னால் பாறை மிகத் தடிமனாக இருந்தாலும், கல்லை உடைத்துத் தள்ள வேண்டிய வலு தரைக்குள் இறங்கிவிடும்.

இதைச் சரிபார்க்க வெடிப் பதிவேட்டின் நகல் வேண்டும். துளை எண்ணிக்கை, ஆழம், துளைக்கு மருந்து, தாமத எண், நேரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். மாவட்டக் கனிமவளத் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். துளைகளை எண்ணுகிறேன் என்று எவரும் ஆபத்து வட்டத்துக்குள் போகக் கூடாது. பறக்கும் கல் ஆள் பார்த்து விழாது.

தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959, குடியிருப்புப் பகுதியிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக் குத்தகை தரக்கூடாது என்கிறது. அந்தத் தொலைவு இருந்தாலே பாதுகாப்பு என்று சிலர் வாதிடுவார்கள். மேலே உள்ள கணக்கிலேயே, 300 மீட்டரில் ஒரே கணத்துக்கு 100 கிலோ போனால் வீட்டில் ஏறத்தாழ 5 மி.மீ. வந்துவிடும்.

எல்லாப் பதிவும் வரம்புக்குள், சுவரில் விரிசல் வளர்கிறது

முதலில் விரிசல் வளர்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். விரிசலின் நுனியில் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். வாயின் இருபுறமும் பிடிக்கும்படி பாரிஸ் சாந்துப் பொட்டு ஒன்று வையுங்கள். அசைந்தால் பொட்டு வெடிக்கும். வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் பாருங்கள்.

கரிசல் மண் வீடுகளில் பங்குனி, சித்திரையில் விரிசல் வாய் திறக்கும், ஐப்பசி மழையில் மூடும். வெடி இல்லாத வாரத்திலும் இது நடந்தால் மண் தன் வேலையைச் செய்கிறது. வெடி நடந்த நாட்களில் மட்டும் பென்சில் கோட்டைத் தாண்டினால் கேள்வி குவாரியை நோக்கித் திரும்ப வேண்டும். பழைய விரிசலின் விளிம்பு மழுங்கி உள்ளே தூசும் ஒட்டடையும் இருக்கும், புதியது கூர்மையாக, வெளுப்பாக இருக்கும். குவாரி தொடங்கும் முன்பே வீடு வீடாகப் படம் எடுத்து வைத்திருந்தால் இந்த விவாதத்தில் பாதி இருக்காது. புதிய குவாரிக்கு அருகில் இருப்பவர்கள் இன்றே எடுத்து வையுங்கள்.

வரம்புக்குள் இருப்பதால் எந்தச் சுவருக்கும் எதுவும் ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். மண்சாந்தில் எழுப்பிய பழைய ஓட்டு வீட்டின் சுவரும், கம்பி போட்டுக் கட்டிய வீட்டின் சுவரும் ஒன்றல்ல. சந்தேகம் இருந்தால் இரண்டாவது உணரியை மாடியிலோ சுவரின் நடுவிலோ பொருத்தித் தரைப் பதிவோடு ஒப்பிடுங்கள். தரையைவிட மூன்று, நான்கு மடங்கு ஆடினால் வீடு அந்த அதிர்வெண்ணில் அகப்படுகிறது என்று பொருள். தாமத இடைவெளியை மாற்றி அதிர்வெண்ணை உயர்த்தும்படி குவாரியிடம் கேட்கலாம், அதைச் செய்ய முடியும்.

அளக்கும் நாளில் மட்டும் வெடி மெதுவாக இருக்கிறது

எல்லா ஊரிலும் கேட்கும் குறை இது. பல இடங்களில் உண்மை. தீர்வு, ஒருநாள் அளவையை ஏற்காமல் குறைந்தது ஒரு மாதம் தொடர்ந்து கருவியை விடச் சொல்வது. கூடவே மூன்று வீடுகளில் மூன்று குறிப்பேடுகள். வெடி கேட்ட நேரம், ஒரு தடவையா இரு தடவையா, எது ஆடியது, காற்று எந்தப் பக்கம் வீசியது என்று நான்கு வரி போதும். வீட்டுக் கடிகாரங்களைக் கைபேசி நேரத்துக்குத் திருத்தி வையுங்கள், கருவியின் நேரத்தைச் செயற்கைக்கோளோடு இணைக்கச் சொல்லுங்கள். மாத முடிவில் குறிப்பேட்டு வெடிகளையும் கருவிப் பதிவுகளையும் பதிவேட்டு வெடிகளையும் மூன்று பத்தியாக எழுதினால், எந்தப் பத்தியில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

உணரிக் குழியின் மேல் இரு தரப்பும் கையெழுத்திட்ட தாளை ஒட்டி மூடுங்கள். கருவியைக் கழற்றும் நாளில் அச்சிட்ட அறிக்கையோடு நின்றுவிடாதீர்கள். மாற்ற முடியாத மூலக் கோப்பை அங்கேயே, வாசலில் வைத்தே, இரண்டு பென் டிரைவில் ஏற்றி ஒன்றை ஊருக்கும் ஒன்றைக் குவாரிக்கும் கொடுக்கச் சொல்லுங்கள்.